அரை மில்லி

காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று.
ஒரு சுற்றுக்கு அரை மில்லி.
டாக்டர் மெஹ்ருன்னிசா விளக்கி முடிக்குமுன்
"தெரியும் மேடம்" என்றுவிட்டேன்.
ஐந்து ரோட்டுக்குப் பின்னால்
பதினாறு வருஷமாக லேத்தில் நிற்கிறவன்.
திருகின் புரியை நகத்தால் தடவியே
பிட்ச் சொல்வேன்.
தெரியவில்லை.
இரும்பு என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

மூன்று வயதில், மொபெட்டில் முன்னால் நின்று வந்தவன்
சூரமங்கலம் வேகத்தடையில்
மோவாய் இடிபட விழுந்தான்.
நான்கு தையல் போட்டு அனுப்பினார்கள்.
காதுக்கு முன்னால் உள்ளே உடைந்ததை
யாரும் பார்க்கவில்லை.
வண்டியை ஓட்டியவன் நான்.

பிறகு வாய் மூடிக்கொண்டே வந்தது,
எண்ணெய் காணாத கீல் மாதிரி.
ஒன்றாம் வகுப்பில் ஒரு விரல் நுழைந்தது.
இரண்டாம் வகுப்பில் நகம்.
தாடை வளர மறந்து கழுத்துக்குள் ஒதுங்கியது.
துர்கேஷ் என்ற பெயரை டீச்சர் மட்டும் சொன்னார்.
மற்றவர்களுக்குக் குருவி.

முன்பல் விழுந்த அன்று பூங்கொடி குதித்தாள்.
அந்த ஓட்டை வழியாக
ரசம் சோறு, கரைத்த இட்லி,
ஒரே ஒரு முறை மல்கோவாச் சாறு.
புதுப்பல் வெள்ளையாய் எட்டிப் பார்த்த காலையில்
குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.
பிள்ளைக்குப் பல் முளைத்ததற்கு அழுத தாயை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

உட்கார்ந்தே தூங்குவான்.
"உம் மவனா கொறட்டை? லாரின்னு நெனச்சேன்"
என்று சிரிப்பார் மாடி வீட்டுக்காரர்.
அந்த லாரி திடீரென்று நின்றுவிடும்.
ஜங்ஷனில் சரக்கு ரயில் கிளம்பும் நேரம் அது.
பெட்டிகளை எண்ணுவேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
பத்தொன்பதாவதில் உடம்பு தூக்கிப்போட
மூச்சு வரும்.
காலையில் அவனுக்கு எதுவும் தெரியாது.
தலை வலிக்குதுப்பா என்பான்.

ஸ்கேனில் நாக்குக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு.
ஏற்காட்டுப் பாதையில் பாறை சரிந்த வளைவு மாதிரி
ஓரிடத்தில் அறுந்துபோயிருந்தது.
"வாய் அப்புறம் திறக்கலாம். முதல்ல மூச்சு."
பூங்கொடி எவ்வளவு ரூபாய் என்று கேட்கவில்லை.
எத்தனை நாள் பட்டினி என்று கேட்டாள்.

இரண்டு பக்கமும் எலும்பை அறுத்தார்கள்.
காதுக்குக் கீழே இரண்டு தண்டுகள் நீட்டி நின்றன.
சாவி என் கையில்.
ஆறாம் நாள் முதல் சுற்று.
அவன் என் பனியனைப் பிடித்த இடம்
இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.
ஒன்பதாம் நாள் என்னால் முடியவில்லை.
"எந்தப் பக்கம்ங்க?" என்று சாவியை வாங்கினாள்.
அம்புக்குறியைக் காட்டினேன்.
அவள் கை நடுங்கவில்லை.

பதினெட்டு நாள். பதினெட்டு மில்லி.

அதற்குள் ஓர் இரவு
ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போய் முடிந்தது.
குறட்டை இல்லை.
பாய் தடுக்க ஓடி மூக்கருகே விரல் வைத்தேன்.
வெதுவெதுப்பாய்க் காற்று.
மல்லாந்து, கைகால் விரித்து,
ஊரில் எல்லாப் பிள்ளைகளும் தூங்குவது போல.
விரலை எடுக்க மனம் வராமல்
அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்தது.

ஏழு மாதம் கழித்து
ஒட்டிப்போன மூட்டை வெட்டி
விலாவிலிருந்து ஒரு துண்டை அங்கே வைத்தார்கள்.
வைத்ததோடு முடியவில்லை.
தினம் ஆறு வேளை
பற்களுக்கிடையே ஐஸ் குச்சிகளை அடுக்க வேண்டும்.
ஏழு. எட்டு. ஒன்பதைச் சொருகும்போது
என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.
எங்கே கற்றானோ,
வாய் நிறையத் திட்டினான்.
பூங்கொடி அடுப்படியில் சிரித்தாள்.

நேற்று செவ்வாய்ப்பேட்டை வண்டிக்கடை.
அவன் பிறந்ததிலிருந்து பார்த்தே வளர்ந்த
தட்டுவடை செட்.
பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன்.
கடைக்காரர் கரண்டியோடு நின்றுவிட்டார்.
கேரட், பீட்ரூட், இரண்டு சட்னி சேர்த்து
இருபத்திநான்கு மில்லி.
இவனுக்கு இருபத்தொன்று.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே
எட்டிச் சொன்னான்:
"அண்ணே, கேரட்டு கம்மியா வைங்க."